போர்வை போர்த்திய பாட்டு

அத்தியாயம் 9

செல்லமுத்து வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். கத்துவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் சரிதா இதைச் சண்டை என்றே நினைத்துக்கொண்டாள். அவள் பிறந்தது பரமத்தி வேலூரில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்தில். அங்கே அவள் அப்பா தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்காது. இங்கே வந்த மறுநாளே மாமனார் "அம்மிணி, சோறு போடு!" என்று போட்ட சத்தத்தில் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. "இவங்க ஊட்டுக்குள்ளயே போர் போடறாங்கம்மா" என்று அம்மாவிடம் போனில் அழுதாள்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. செல்லமுத்து முப்பது வருஷம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று காது பாதி அடைத்துப்போயிற்று. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று மாமியார் செல்லியம்மாள் கத்தப் பழகினாள். அம்மாவைப் பார்த்து மகன் பழகினான். மகன் கோகுல்ராஜுக்கு வாக்கப்பட்ட தோஷத்துக்குச் சரிதாவும் இப்போது கத்துகிறாள். நாலு வயது மகள் தேவிப்ரியா ஒருத்திதான் திருச்செங்கோட்டில் பிறந்தும் பரமத்தி வேலூர்க்காரி மாதிரி குசுகுசுவென்று பேசுகிறாள்.

கோகுல்ராஜ் எட்டு மாசம் சத்தீஸ்கரில் போர் போட்டுவிட்டு ஊர் திரும்பியதும், கல்யாண நாளுக்கென்று பெண்டாட்டிக்கு ஒரு பாட்டு செட்டு வாங்கி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அவளுக்குப் பாட்டென்றால் உயிர். அடுப்படியில் போனைத் தம்ளருக்குள் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், இடுப்புயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர். அவள் பூரித்துப்போனாள். வாங்கியவன்தான் அன்றிலிருந்து அந்தச் செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு நடுவில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய செல்லமுத்து புது ரிக் வண்டி ஒன்றை இறக்கிவிட்டார். இன்று சாயங்காலம் அதற்குப் பூஜை. பூஜை முடிந்த கையோடு கோகுல் அந்த வண்டியிலேயே மறுபடி சத்தீஸ்கர் கிளம்புகிறான்.

கிளம்புகிற நாளிலாவது மனுஷன் பெட்டி கட்டுவானா? காலையிலேயே சேலத்துக் கடைக்குப் போன் போட்டு, செட்டு மாட்டிக் கொடுத்த ஜெபஸ்டினை வரவழைத்துவிட்டான்.

"ஏனுங்க தம்பி, நீங்க எனக்கு நல்ல மாலுதான் குடுத்தீங்களா?"

ஜெபஸ்டின் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிட்டது. பாவம், அவன் சேலம் அரிசிப்பாளையத்துப் பையன். இந்த வீட்டுச் சத்தம் அவனுக்குப் புதிது.

"அண்ணா, என்னங்கண்ணா பிரச்சினை?"

"சவுண்டு போர்வையப் போத்திக்கிட்டுப் பாடறாட்ட இருக்குது. என்ன பண்ணியும் போர்வை வெலக மாட்டீங்குது."

என்ன பண்ணவில்லை அவன்! முதலில் போனிலிருந்து புளூடூத்தில் வருவதால்தான் இப்படி என்றான். நெட்டிலிருந்து பாட்டை நேராக இழுத்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி வந்தது. அடுத்து வைஃபை மேல் பழி. மோடத்திலிருந்து சுவரோரமாகத் துணிக்கொடி மாதிரி ஒரு ஒயர் இழுத்தான். அப்புறம் பாட்டு ஆப்பில் 'டேட்டா சேவர்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தான். வடநாட்டில் சிக்னல் கிடைக்காத காட்டில் போட்டு வைத்தது, அதுவே வீட்டிலும் பாட்டைப் பிழிந்து சக்கையாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, பாட்டைப் பிழியாமல் முழுசாக அனுப்பும் திட்டத்துக்கு மாறினான்.

ஒவ்வொரு தடவையும் சரிதாவுக்கு வித்தியாசம் தெரிந்தது என்பதுதான் வேடிக்கை. ஒயர் இழுத்த அன்று, பாடுகிறவள் பல்லவி எடுக்கும் முன்னால் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. பாட்டை முழுசாக வாங்கிய அன்று, தபேலாக்காரர் விரல் தோலில் உரசுவது கேட்டது. "ஏனுங்க, கேட்டீங்களா, கேட்டீங்களா" என்று அவள் குதித்தாள். கோகுல் உதட்டைப் பிதுக்கினான்.

அவன் ஸ்பீக்கர் பார்க்கும் விதமே தனி. பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று கண்ணை மூடிக்கொள்வான். ரிக்கில் துளை போடும் ராடு பூமிக்குள் இறங்கும்போது அப்படித்தான் நிற்பார்களாம். அதிர்வு சரியாக இருந்தால் முகம் மலரும். குரல் வந்ததும் முகம் சுருங்கிவிடும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று செல்லியம்மாள் அடுப்படியிலிருந்து ஒரு போடு போட்டாள். "அவன் பாட்டு கேக்கற லட்சணத்துக்கு ஸ்பீக்கரு மேல குத்தம்."

ஜெபஸ்டின் வேலையை ஆரம்பித்தான். முதல் தடங்கல் மாமியாரே. இரண்டு ஸ்பீக்கரையும் அவள் கன்னி மூலையில் ஒட்டி நிறுத்தி வைத்திருந்தாள். கனமான சாமான் வீட்டின் தென்மேற்கு மூலையில் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சைத் தட்டினால் போரில் தண்ணீர் வராது.

"அம்மா, மூலையில வெச்சா அடிச்சத்தம் கும்முனு கூடிப்போயி பாட்டை அமுக்கிருங்கம்மா. ரெண்டையும் பிரிச்சு, செவுத்தை விட்டு ஒரு முழம் முன்னாடி வெக்கணும்."

"அப்ப கன்னி மூலை காலியாக் கெடக்குமே சாமி?"

சரிதாதான் வழி கண்டுபிடித்தாள். ஸ்பீக்கர் வெளியே வந்தது, அந்த இடத்தில் அரிசி மூட்டை போய் உட்கார்ந்தது. கனத்துக்குக் கனம் ஆயிற்று, வாஸ்துவும் பிழைத்தது. செல்லியம்மாள் மூட்டைக்கு ஒரு பொட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஜெபஸ்டின் கோகுலின் போனை வாங்கி ஆப்பைத் திறந்தான். புருவம் ஏறியது.

"அண்ணா, இந்த ஈக்வலைசரை யாருங்க இப்படி வெச்சது? கீச்சுச் சத்தமெல்லாம் உச்சத்துல கெடக்குதுங்களே?"

சரிதா எட்டிப் பார்த்தாள். வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். இடது பக்கம் இருந்தவை ஒழுங்காக நடுவில் நின்றன. வலது பக்கம் இருந்தவை மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டிருந்தன.

"நாந்தான் வெச்சேன். அப்பத்தான் கொஞ்சமாச்சும் தெளிவா இருக்குது."

இதுவா காரணம் என்று சரிதா நினைத்துக்கொண்டாள். இரண்டு நாளாகப் பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் கடுகு பொரிகிற மாதிரி சீறிக்கொண்டிருந்தது. அவன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஜெபஸ்டின் எல்லாக் கோட்டையும் சமமாக்கினான். அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டான். அது வெறும் சலங்கையில் ஆரம்பிக்கும். நாலு அடி நடந்து வரும். அப்புறம் புல்லாங்குழல், அப்புறம் குரல்.

சலங்கை வந்தது.

சரிதாவுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. யாரோ ஒருத்தி நிஜமாகவே ஹாலுக்குள் நடந்து வந்து அவள் எதிரே நின்ற மாதிரி இருந்தது. எந்தக் காலை முதலில் வைத்தாள் என்றுகூடச் சொல்லிவிடலாம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோகுல் முஷ்டியை மடக்கி, கையை மேலே தூக்கினான்.

ஜெபஸ்டினுக்குப் புரியவில்லை. சரிதாவுக்குப் புரிந்தது. அவளே போய்ப் பாட்டை நிறுத்தினாள்.

ரிக் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைப்பேச்சு. விரலைச் சுழற்றினால் கம்ப்ரசரை ஓட்டு. உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் ராடை இறக்கு. முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. கல்யாணமான புதிதில் கோகுல் அவளுக்கு இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். சொல்லும்போது இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் அவன் முகம் மாறியது. "முஷ்டிய யாரு வேணா தூக்கலாம். நேத்து வேலைக்கு வந்தவன் தூக்குனாலும் மெசினை நிறுத்திப் போடோணும். ஏன், எதுக்குன்னு அப்பறந்தான் கேக்கோணும்" என்றான்.

"என்ன தம்பி நீங்க, இருந்ததையும் கெடுத்துப் போட்டீங்களே" என்றான் இப்போது. "இன்னொரு போர்வையையும் சேத்துப் போத்திட்டீங்க."

"அண்ணா, சலங்கை அவ்வளவு சுத்தமா விழுகுதுங்களே?"

"எந்தச் சலங்கை?"

ஜெபஸ்டின் சிரித்தான். விளையாட்டென்று நினைத்துவிட்டான். கோகுல் சிரிக்கவில்லை. சரிதாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

கேட் வரைக்கும் போய் மோர் கொடுத்து வழியனுப்பினாள். "அக்கா, ஸ்பீக்கரை மட்டும் மாத்தாதீங்க. நான் மாட்டுன வீடுகள்ல இங்கதான் நல்லாப் பேசுது" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

செட்டில் குறையில்லை. அப்படியானால் குறை எங்கே? அந்தக் கேள்வியை அவள் தலைமுடியைக் கோதுகிற மாதிரி ஒதுக்கிவிடப் பார்த்தாள். அது ஒதுங்கவில்லை.

மத்தியானம் அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கீ, கீ, கீ என்று ஒரு சத்தம். பிரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் அது அப்படிக் கூப்பிடும். யாராவது சாத்துவார்கள் என்று இருந்தாள். சத்தம் நிற்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

கோகுல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிரிட்ஜ் அவன் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. அது கத்திக்கொண்டிருந்தது. அவன் நிதானமாகத் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தான்.

சரிதா போய்க் கதவைச் சாத்தினாள்.

"அட, தெறந்து உட்டுட்டனா?" என்று சிரித்தான்.

அவன் ஊர் திரும்பிய நாளிலிருந்து நடந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பேசும்போது அவன் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்க்கிறான். ஆசையில் பார்க்கிறான் என்று அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் போன் அடித்தால் பிரியாதான் எடுத்துவந்து கொடுக்கிறாள். சலங்கையும் கேட்கவில்லை, இந்தக் 'கீ'யும் கேட்கவில்லை. கத்துகிற வீட்டில் காது போவது யாருக்குத் தெரியும்? வேறு எந்த வீடாக இருந்தாலும் ஒரே நாளில் பிடிபட்டிருக்கும். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசிப் பேசி, முப்பத்திரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

நானும்தானே கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கோகுலின் பையைக் கட்டலாம் என்று அறைக்குப் போனால், பிரியா ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தாள். காலையில் சரிதா மடித்து வைத்த சட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பீரோவுக்கு முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு எடுக்கறே?"

"அப்பா போவ மாட்டாருங்கம்மா."

"யாரு சொன்னா?"

பிரியா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அம்மாவின் காதில் வாயை வைத்தாள். பஞ்சு விழுகிற மாதிரி ஒரு குரல்.

"நான் ரகசியமாக் கேட்டேன். 'அப்பா, ஊருக்குப் போவாதீங்க, என்றகூடவே இருங்க'ன்னு காதுல சொன்னேன். அப்பா சிரிச்சுக்கிட்டு 'செரி சாமி'ன்னாரு."

சரிதா அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அந்த விளையாட்டு அவளுக்குத் தெரியும். தினமும் பிரியா அப்பா மடியில் ஏறிக் காதில் ஏதோ சொல்வாள். அவன் கண்ணை அகல விரித்து, சிரித்து, "செரி சாமி, செரி சாமி" என்பான். அப்பாவும் மகளும் கொஞ்சுவதைப் பார்த்து இவள் எத்தனையோ தடவை நெகிழ்ந்திருக்கிறாள்.

அவன் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை.

அதே நேரம் கோகுல் அறைக்குள் வந்தான். காலியான பையைப் பார்த்தான்.

"யாரு இதெல்லாம் எடுத்துப் போட்டது? நேரமாச்சு, பூசைக்கு ஆளுக வந்துட்டாங்க!"

"நீங்க போவ மாட்டேன்னு சொன்னீங்கல்ல?" என்றாள் பிரியா.

"என்ன சாமி?"

"போவ மாட்டேன்னு சொன்னீங்கல்ல!"

"நான் எப்பச் சாமி சொன்னேன்?"

குழந்தையின் முகம் மெல்ல மெல்லக் கோணியது. அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அப்பா பொய் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். அந்த அழுகையும் கோகுலுக்கு முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். செல்லியம்மாள் ஓடி வந்து, "நல்ல நாளும் அதுவுமா புள்ளைய அழுக உடறீங்களே" என்று இருவரையும் ஒரே வசவில் முடித்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கோகுல் ஹாலுக்குப் போனான். கோபமும் குழப்பமுமாகப் போனை எடுத்து, ஆப்பில் வலது பக்கக் கோடுகளை மறுபடி உச்சிக்குத் தள்ளினான். பாட்டைப் போட்டான். பெட்டி மேல் கையை வைத்துக் கண்ணை மூடினான்.

சரிதா அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க" என்றாள், அவள் பிறந்த வீட்டுக் குரலில்.

அவன் திரும்பவில்லை.

"ஏனுங்க, நான் பேசறது கேக்குதுங்களா?"

பாட்டு சீறிக்கொண்டு ஓடியது. அவள் அவனுக்கு எதிர்ப்பக்கம் சுற்றி வந்தாள். அவன் கண்ணைத் திறந்த நேரம், முஷ்டியை மடக்கிக் கையைத் தூக்கினாள்.

கோகுலின் விரல் தானாகப் பாட்டை நிறுத்தியது. ஏன் என்று அப்புறம்தானே கேட்க வேண்டும்? அவன் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளாங்க?" என்றாள்.

அவன் சோபாவில் உட்கார்ந்தான். அவள் உதட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"மழைக்கு முன்னாடியே இருந்து. ராத்திரி படுத்தா 'கீ'ன்னு ஒரு சத்தம் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். கம்ப்ரசர் நின்னாலும் அது நிக்காது. தூங்குனாச் செரியாப் போயிருமுன்னு நெனைச்சேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லி? பாறை மாறுனா ஹேமர் சத்தம் மாறும் சரிதா. அதைக் கேட்டுத்தான் டிரில்லர் வேலை. கடைசியாப் போட்ட போர்ல சத்தம் மாறுனது எனக்குத் தெரியல. ராடு மாட்டிக்கிச்சு. ராடு முனையில இருக்கற பிட்டு மேல பழியப் போட்டு ஆளுகளை ஏமாத்திட்டேன். இதைப் போயி அப்பன்கிட்ட எப்படிச் சொல்றது? அவரு புது வண்டிய என்னை நம்பி எறக்கி இருக்கறாரு."

"அதுக்காக இந்த ஸ்பீக்கரோட இத்தனை சண்டைங்களா?"

கோகுல் அவள் உதட்டிலிருந்து கண்ணுக்குப் பார்வையை உயர்த்தினான். அவன் கண் சிவந்திருந்தது.

"ஸ்பீக்கரு கெட்டதா இருந்தா, என்ற காது நல்லா இருக்குதுன்னு அர்த்தமில்ல?"

சரிதாவுக்கு வந்த கோபத்தில் அவன் தோளில் நாலு அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவன் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இந்த மனுஷன் அதைப் பாட்டில் மறைக்கப் பார்த்திருக்கிறான். அவளுக்கு அவன் மேல் பொல்லாத பாசம் பொங்கியது.

அவன் தலையை நிமிர்த்திக் கேட்டான். "புள்ள என்ன சொன்னா? எதுக்கு நான் 'செரி சாமி'ன்னேன்?"

சரிதா சொன்னாள். வார்த்தை மாறாமல், உதடு தெரியும்படி, நிதானமாகச் சொன்னாள்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"தெனமும் சொன்னாளா?"

"தெனமுந்தாங்க."

"மத்தது என்னென்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதே சரிதா..."

அவன் முடியைக் கோதிவிட்டாள். "நாளைக்குக் காலையில சேலம் போயி காது டாக்டரைப் பாக்கறோம். போனது வருமான்னு எனக்குத் தெரியாது. இருக்கறதையாச்சும் காப்பாத்தோணுமுங்க."

"நாளைக்கு நான் ஆந்திராவுல இருப்பேன்."

"மாமாகிட்டச் சொல்லீறலாமுங்க."

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே காலி மனையில் வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகள், ஒறம்பரைச் சொந்தங்கள், பக்கத்து ரிக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். மாமனாரிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. மகனுக்குக் காது கேட்கவில்லை என்பதை அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் சங்ககிரி ரோடு முழுக்கக் கேட்கும். நாளைக்கே ஒரு ஏஜெண்டும் கோகுலை நம்பி போர் போட ஒரு பாயிண்ட் கொடுக்க மாட்டான்.

"டேய் கோகுலூ! நல்ல நேரம் போகுதுடா!" என்று வாசலிலிருந்து செல்லமுத்துவின் குரல் வந்தது.

புது வண்டி கதம்ப மாலையும் சந்தனமுமாக நின்றது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாயிற்று. டிரைவர் அங்கமுத்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்து சீட் கோகுலுக்கு.

"மொதல்ல ஒருக்கா ஓட்டிக் காட்டிப் போடலாம்!" என்று செல்லமுத்து கம்ப்ரசரைக் கிளப்பினார்.

தரை அதிர்ந்தது. கூட்டம் மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. செல்லியம்மாள் முந்தானையால் பொத்திக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்த பிரியா இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக மூடி, கண்ணையும் மூடிக்கொண்டாள். அப்பனும் மகனும் மட்டும்தான் காதைப் பொத்தாமல் நின்றார்கள். அவர்களுக்கு அது வலிக்கவில்லை.

சரிதா கோகுலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமாகத் திரும்ப அடுக்கிய பையைத் தோளில் மாட்டியிருந்தான். வண்டியைப் பார்த்தான். அப்பா முகத்தில் வழிந்த பெருமையைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான். காதைப் பொத்திய அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தபடியே நின்றான்.

பை தோளிலிருந்து இறங்கியது. அவன் முஷ்டியை மடக்கிக் கையை மேலே தூக்கினான்.

முப்பது வருஷப் பழக்கம். செல்லமுத்துவின் கை யோசிக்கவே இல்லை. கம்ப்ரசர் அடங்கியது.

திடீரென்று வந்த அமைதியில் செல்லமுத்து கையை விரித்துக் காட்டினார். என்னடா?

கோகுல் தன் காதைத் தொட்டான். தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினான். கூட்டத்துக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. மைக் இல்லை, கத்தல் இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. செல்லமுத்துவுக்கு விளங்கியது. அவர் கை மெல்ல எழும்பித் தன் காதையே தொட்டுப் பார்த்தது. அந்த முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

பிரியா பாட்டி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். கோகுல் மண்டிபோட்டு உட்கார்ந்தான்.

"சாமி, உன்ற ரகசியத்தை இன்னொருக்காச் சொல்லு. அப்பனுக்குக் கேக்கற மாதிரி, நல்லாச் சத்தமா."

அவள் அவன் காதைப் பிடித்து இழுத்தாள். மூச்சை இழுத்தாள். செல்லமுத்துவின் பேத்தி என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"அப்பா! ஊருக்குப் போவாதீங்க! என்றகூடவே இருங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோகுல் அவளை வாரி எடுத்தான்.

"கேட்டுச்சு சாமி" என்றான். "இப்பக் கேட்டுச்சு. போவல."

சரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எல்லோரும் அப்பாவையும் மகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும்தான் வண்டிப் பக்கம் பார்த்தாள்.

செல்லமுத்து மகனின் பையைத் தூக்கி கேபினுக்குள் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி வலிக்கு ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, அங்கமுத்துவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மருமகள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, விரலை வாயில் வைத்தார். பிறகு அங்கமுத்துவின் முகத்துக்கு முன்னால் விரலைச் சுழற்றினார்.

வண்டி உறுமியது. போன மாசம்தான் அவர் இதய அடைப்புக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியிருந்தார். செல்லியம்மாள் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.